‘சரிங்க டீச்சர்’ என்று சொல்லிவிட்டுப் போன பெண்

கேள்வி: மேடம், நான் தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. வயது 46. பிள்ளைகள் என்னிடம் ஒட்டிக்கொள்வார்கள் என்பதால் தலைமையாசிரியை மாணவிகளுக்கான கவுன்சலிங் பொறுப்பையும் என்னிடமே கொடுத்துவிட்டார். அதற்காக அஞ்சல் வழியில் ஆறு மாதச் சான்றிதழ் படிப்பும் முடித்தேன். போன மாதம் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, “வீட்ல இருக்கவே பிடிக்கல டீச்சர், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றாள். அப்பா அம்மா எது சொன்னாலும் உன் நல்லதுக்குத்தான் இருக்கும், நீ படிப்பில் கவனத்தை வை, உன் வயதில் எனக்கும் இப்படித்தான் இருந்தது, எல்லாம் சரியாகிவிடும் என்று தைரியம் சொன்னேன். “சரிங்க டீச்சர்” என்று போய்விட்டாள். அதிலிருந்து என்னைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நல்ல ஆலோசகருக்கு வேண்டிய குணம் என்னிடம் இல்லையா? யாராவது அழுதால் எனக்கும் கண்ணீர் வந்துவிடும், அது குறையா? ஆலோசகர் அறிவுரையே சொல்லக் கூடாது என்கிறார்கள், அப்படியானால் என்னதான் செய்வது? எம்.எஸ்ஸி. சைக்காலஜி சேர்ந்தால் சரியாக வருமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: டீச்சர், உங்கள் குணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பெண்.

“வீட்ல இருக்கவே பிடிக்கல” என்று பதினாறு வயதுப் பெண் ஒருத்தி சொன்னால் அதற்குப் பின்னால் எது வேண்டுமானாலும் இருக்கலாம். அண்ணனுக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயமா என்ற கோபமாக இருக்கலாம். அப்பா தினமும் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பதாக இருக்கலாம், பிளஸ் டூ முடிப்பதற்குள் மாமா பையனுக்குக் கட்டிவைத்துவிடலாம் என்று பேச்சு நடப்பதாக இருக்கலாம், செல்போனில் எதையோ பார்த்துவிட்டு வீட்டில் அடித்திருக்கலாம், வீட்டுக்கு வந்துபோகும் ஒருவரின் கை படக் கூடாத இடத்தில் படுவதாக இருக்கலாம். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்பதைத்தான் ‘வீட்ல’ என்று குறைத்துச் சொன்னாளோ என்னவோ. எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ஏனென்றால் அடுத்த வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. கூடவே “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றும் சேர்த்திருக்கிறாள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆகவே இந்த வாரமே அவளிடம் நீங்கள் போங்கள். ஆள் விட்டுக் கூப்பிட வேண்டாம், வகுப்பு முடிந்ததும் எல்லார் முன்னாலும் “நீ மட்டும் இரு” என்று நிறுத்தவும் வேண்டாம். லேபில் ரெக்கார்டு நோட்டு வைக்க வரும்போதோ, வராந்தாவில் தனியாக எதிர்ப்படும்போதோ ஒரே நிமிடத்தில் சொல்லிவிடலாம்: “அன்னைக்கு நீ ஏதோ சொல்ல வந்த, நான் முழுசா கேக்காம நானே பேசிட்டேன். எப்பப் பேசணும்னு தோணுதோ அப்ப வா, இந்தத் தடவை நான் கேக்கறேன்.” அவ்வளவு போதும். “ஒண்ணும் இல்லைங்க டீச்சர்” என்பாள். அதை நம்பிவிடவும் வேண்டாம், அப்போதே துருவவும் வேண்டாம். ஓர் ஆசிரியை தானாக வந்து மாணவியிடம் “நான் சரியாகக் கேட்கவில்லை” என்று சொல்வது நம் பள்ளிக்கூடங்களில் எவ்வளவு அரிது என்று உங்களுக்கே தெரியும், அது அவளுக்குள் தங்கும். ஒரு வாரம் போல விட்டு இன்னொரு முறை நீங்களாகவே போய் விசாரியுங்கள். இடையில் அவள் திடீரென்று லீவு போடுகிறாளா, சாப்பாட்டை அப்படியே மூடி வைக்கிறாளா, கையை மறைத்துக்கொண்டே இருக்கிறாளா, தனக்குப் பிடித்த பொருட்களைத் தோழிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாளா என்று கவனியுங்கள். இதில் எதைப் பார்த்தாலும் அவளாக வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அன்றைக்கே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். குணம் இல்லாதவரிடம் அந்தப் பெண் முதலில் வந்திருக்கவே மாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் இத்தனை ஆசிரியர்களை விட்டுவிட்டு உங்களைத் தேடி வந்தாள் என்றால் உங்கள் முகத்தில் எதையோ பார்த்துத்தான் வந்திருக்கிறாள். சறுக்கியது அடுத்த சில நிமிடங்களில். நீங்கள் சொன்ன வாக்கியங்களை அவள் பக்கத்திலிருந்து கேட்டுப் பாருங்கள். “அப்பா அம்மா உன் நல்லதுக்குத்தான்” என்றதும், என்ன நடந்தது என்று தெரிவதற்கு முன்னாலேயே தீர்ப்பு வந்துவிட்டது, அதுவும் வீட்டார் பக்கம். “படிப்பில் கவனத்தை வை” என்றதும் பேச்சு வேறு திசைக்குப் போய்விட்டது. “உன் வயதில் எனக்கும்” என்றதும் கதை உங்களுடையதாகிவிட்டது. “எல்லாம் சரியாகிவிடும்” என்பதோடு கூட்டம் முடிந்துவிட்டது. ஒவ்வொன்றும் பாசத்தில் சொன்னதுதான், நம் வீடுகளில் பெரியவர்கள் தைரியம் சொல்லும் முறையே இதுதான். ஆனால் அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: இதை இங்கே பேச முடியாது.

இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் உதவி செய்யும் வேலையில் இருப்பவர்கள் கற்றுக்கொள்வதிலேயே கஷ்டமானது இதுதான் என்று நினைக்கிறேன். ஒருவர் கஷ்டத்தைச் சொல்லும்போது நமக்குள் ஒரு பதற்றம் வருகிறது, ஏதாவது செய்தாக வேண்டும், இப்போதே சரி செய்தாக வேண்டும் என்று. அறிவுரை சொன்னதும் அந்தப் பதற்றம் அடங்குகிறது, ஆனால் அடங்குவது நம்முடையது, எதிரில் இருப்பவருடையது அப்படியேதான் இருக்கிறது. நல்ல மனசுக்காரர்களுக்குத்தான் இது அதிகம் வரும், அதனால் இதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. அந்தப் பதற்றத்தைக் கொஞ்ச நேரம் தாங்கிக்கொண்டு, தீர்வு சொல்லாமல், ஓடாமல், அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. மற்ற திறன்கள் எல்லாம் இதற்கு மேல் கட்டப்படுபவை.

குடிநோய் சிகிச்சையில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆலோசகர் எந்த அளவுக்கு நேருக்கு நேர் இடித்துரைத்தாரோ அந்த அளவுக்கு, ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அவரிடம் வந்தவர் அதிகம் குடித்துக்கொண்டிருந்தார். சொல்லப்பட்டது பொய் அல்ல, குடி கெடுதல் என்பது உண்மைதான். ஆனால் நாம் ஒரு பக்கத்தை அழுத்தி வாதாடினால் எதிரில் இருப்பவர் மறு பக்கத்துக்கு வாதாடத் தொடங்கிவிடுகிறார். உங்கள் மாணவி வாதாடக்கூட இல்லை, வாதாடும் உரிமை அவளுக்கு இல்லை, அதனால் “சரிங்க டீச்சர்” என்றாள். நம் ஊரில் “சரிங்க” என்பது பல நேரம் ஒப்புதல் கிடையாது, பேச்சு முடிந்தது என்பதற்கான மரியாதையான அறிவிப்பு. பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே “சரிங்க” வருகிறது என்றால், எங்கே தவறவிட்டேன் என்று அந்த நிமிடமே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குணங்கள் என்று நீங்கள் கேட்டதற்கு 1957-இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் எழுதியதுதான் இன்றைக்கும் பல பயிற்சிகளுக்கு அடித்தளம், உங்கள் சான்றிதழ் படிப்பிலும் அவர் பெயர் வந்திருக்கும். வந்தவரின் உலகத்தை அவர் கண்ணால் பார்க்க முயல்வது, மார்க், ஒழுக்கம், குடும்பம் என்று எந்த நிபந்தனையும் வைக்காமல் அவரை மதிப்பது, முகமூடி போடாமல் உண்மையாக இருப்பது, இந்த மூன்றும் எல்லாருக்கும் மனப்பாடம். பலர் படித்துவிட்டுத் தாண்டிப் போகும் இன்னொன்றையும் அவர் அதே கட்டுரையில் சேர்த்திருந்தார். இந்த அக்கறையும் புரிதலும் ஓரளவுக்காவது வந்தவருக்குத் தெரிய வேண்டும், அவரைப் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு இரக்கம் இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். அது அவளைப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் மீதிப் பாதி, அந்த மீதிக்குத்தான் திறன்கள் வேண்டும். அவை பிறவியில் வருபவை அல்ல, பழகினால் வரும்.

எப்படி என்று சில சொல்கிறேன்.

முதலாவது, பொறுத்திருப்பது. அவள் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினால் உடனே நீங்கள் பேசாதீர்கள். மனதுக்குள் மெதுவாகப் பத்து வரை எண்ணுங்கள். வகுப்பறையில் கேள்வி கேட்டுப் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளையைக் கேட்டே பழகிய ஆசிரியர்களுக்கு இது ரொம்பக் கடினம். அந்த அமைதியில் அவள் ஒன்றும் செய்யாமல் இருப்பதாக நினைக்காதீர்கள், சொல்லலாமா வேண்டாமா என்று முடிவெடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்து, ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வியைக் கூடிய மட்டும் தவிருங்கள். “ஏன் பிடிக்கல?”, “ஏன் முதல்லயே சொல்லல?” பள்ளிக்கூடத்தில் இந்தச் சொல் எப்போதுமே விசாரணைக்குத்தான் பயன்படுகிறது, “ஏன் லேட்டு, ஏன் ஹோம்வொர்க் செய்யல” என்று கேட்டுக் கேட்டு, ‘ஏன்’ என்றாலே காரணம் சொல்லித் தப்பிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. அதற்குப் பதிலாக “என்ன நடக்குது வீட்ல?”, “எப்ப ரொம்பக் கஷ்டமா இருக்கும்?”, “அப்ப நீ என்ன பண்ணுவ?” என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம், இல்லை என்று முடிக்க முடியாத கேள்வியாக இருக்க வேண்டும். அதையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கக் கூடாது. ஒன்று கேட்டால் அதற்கு வந்த பதிலில் நின்று, புரிந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இப்படித் திருப்பிச் சொல்வதைத்தான் புதியவர்கள் கிளிப்பிள்ளை வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். அவள் சொன்ன வார்த்தையையே திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. சொன்னதற்குக் கொஞ்சம் உள்ளே இருப்பதைத் தொட்டுச் சொல்வது. இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

“வீட்ல இருக்கவே பிடிக்கல டீச்சர்.”

(கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு) “ஸ்கூல் விட்டுக் கிளம்பற நேரம் வந்தாலே மனசு கனத்துப் போற மாதிரி இருக்கா?”

“ஆமா. பெல் அடிச்சா எல்லாரும் சந்தோஷமாப் போவாங்க. எனக்கு வயிறு கலங்கும்.”

“வயிறு கலங்குதுன்னா, ஏதோ பயமா இருக்கிற மாதிரி தோணுது.”

“...ம்ம்.”

“அந்தப் பயம் என்னன்னு எங்கிட்ட சொல்ல முடியுமா? மெதுவா சொல்லு, ஒண்ணும் அவசரம் இல்ல.”

பாருங்கள், இதில் நீங்கள் ஒரு தீர்வும் சொல்லவில்லை. ஆனால் ‘பிடிக்கல’ என்று வந்தது ‘பயம்’ என்று மாறிவிட்டது. பிடிக்காத வீடும் பயப்படும் வீடும் ஒன்றல்ல, நீங்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதே இதில் மாறிவிடுகிறது. உங்கள் ஊகம் தப்பாகவும் போகலாம். அவள் “இல்லைங்க டீச்சர், பயம் இல்ல, கோவம்” என்று திருத்துவாள். நல்லதுதான், டீச்சரைத் திருத்தலாம் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றுவதே அங்கே நம்பிக்கை வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். பத்துப் பதினைந்து நிமிடம் பேசியதும் “இதுவரைக்கும் நீ சொன்னதுல நான் புரிஞ்சுக்கிட்டது இது, சரியா?” என்று ஒரு முறை தொகுத்துச் சொல்லிவிடுங்கள்.

உட்காரும் முறை பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள், ஆலோசனைத் திறன்கள் பற்றிப் பாடநூல் எழுதிய ஜெரார்ட் ஈகன் சொன்னது: நேர் எதிரில் அமர்ந்து, கைகளைக் கட்டாமல், சற்று முன்னால் சாய்ந்து, கண்ணைப் பார்த்து, இறுக்கமில்லாமல். நம் ஊர்ப் பெண்ணுக்கு இதை அப்படியே பொருத்தினால் மிரண்டுபோவாள். ஆசிரியையின் கண்ணை நேராகப் பார்ப்பது திமிர் என்று சொல்லி வளர்த்த பிள்ளையை நேர் எதிரில் உட்காரவைத்துக் கண்ணைப் பார்த்தால் அது தலைமையாசிரியர் அறை மாதிரி ஆகிவிடும். பக்கவாட்டில், ஒரு மேசையின் இரண்டு அடுத்தடுத்த ஓரங்களில் உட்காருங்கள், அவள் வேண்டும்போது பார்க்கட்டும், வேண்டாதபோது ஜன்னலைப் பார்க்கட்டும். அவளை நிற்கவைத்துவிட்டு நீங்கள் மட்டும் உட்கார்ந்திருக்காதீர்கள். இடம் ஸ்டாஃப் ரூமாக இருக்கவே கூடாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியும், ஆனால் கேட்காது என்ற மாதிரி ஓர் இடம் போதும்.

இதைவிட ஆழமான ஒன்று, உங்களை நீங்களே அறிந்து வைத்திருப்பது. எந்தக் கதையைக் கேட்டால் உங்களால் தாங்க முடியாது என்று முன்கூட்டியே யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் வேறு சாதிப் பையனைக் காதலிப்பதாகச் சொன்னால்? அந்த இருவரில் ஒருவர் உங்கள் சாதியாக இருந்தால்? அடிப்பதாக அவள் சொல்லும் அப்பா உங்கள் சக ஆசிரியராக இருந்தால்? இன்னொரு பெண்ணைத்தான் தனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்னால்? உங்கள் முகம் மாறினால் போதும், வார்த்தை தேவையில்லை, பிள்ளைகள் அதை ஒரு நொடியில் படித்துவிடுவார்கள். முகம் மாறாமல் நடிப்பதும் பலன் தராது. இதற்கு நான் பயிற்சிகளில் எப்போதும் சொல்லும் உதாரணம் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து. 2021-இல் தற்பாலீர்ப்புள்ள இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருக்கின்றன, தனக்குச் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தீர்ப்பு எழுதுவதற்கு முன் ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பதவியில் இருக்கும் நீதிபதி அதை உத்தரவிலேயே பதிவு செய்தார். ஒரு ஆலோசகருக்கு இருக்க வேண்டிய குணங்களில் ஒன்றைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். முன்முடிவே இல்லாத மனிதர் கிடையாது. இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அதற்காக ஏதாவது செய்கிறவர்தான் நமக்கு வேண்டும்.

கண்ணீர் வருவது குறை அல்ல. கண் கலங்கியதைப் பார்த்து அவள் “பரவால்லைங்க டீச்சர், அழாதீங்க” என்று உங்களைத் தேற்ற ஆரம்பித்தால் மட்டும் அங்கே ஏதோ தலைகீழாகிவிட்டது என்று பொருள். கலங்கினால் மறைக்க வேண்டாம், “நீ சொன்னது மனசைத் தொட்டுடுச்சு, ஆனா நான் நல்லாத்தான் இருக்கேன், நீ சொல்லு” என்று அவளிடமே பேச்சைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதுவும் அடிக்கடி, ஒரே மாதிரிக் கதைக்கு மட்டும் வருகிறது என்றால், அது உங்கள் வாழ்க்கையில் எதைத் தொடுகிறது என்று நீங்கள் தனியாக யாரிடமாவது பேச வேண்டிய விஷயம். ஆலோசகர்கள் ஆலோசனைக்குப் போவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

அறிவுரையே கூடாதா? அப்படி ஒரு தடை கிடையாது, குறிப்பாகப் பள்ளியில். தகவல் சொல்லத்தான் வேண்டும்: இந்த உதவித்தொகை இருக்கிறது, அரசு விடுதியில் சேர இப்படி விண்ணப்பிக்கலாம், 18 வயதுக்கு முன் உனக்குத் திருமணம் செய்வது 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது, யாராவது கட்டாயப்படுத்தினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம். இதெல்லாம் அவளுக்குத் தெரியாதவை, நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? ‘நீ இப்படி இரு, இப்படி நினை’ என்பதைத்தான் ஒத்திப்போடச் சொல்கிறோம். அதையும் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால், அவள் முழுவதும் பேசி முடித்த பிறகு, “எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா?” என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். சொன்னபின் “இது உனக்குச் சரிப்பட்டு வருமா?” என்றும் கேளுங்கள். அவள் வீட்டில் வாழப்போவது அவள்தான், எது நடக்கும் எது நடக்காது என்று அவளுக்குத்தான் தெரியும்.

இப்போது ரகசியம். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றால் “சத்தியமா சொல்ல மாட்டேன்” என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாமல் போகலாம். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று அமுக்குகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே பேச ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள்: “நீ சொல்றது எனக்குள்ளதான் இருக்கும். ஆனா உன் உயிருக்கோ வேற யாரு உயிருக்கோ ஆபத்துன்னாலோ, யாராவது உன்னைத் தப்பா தொடறாங்கன்னாலோ நான் மட்டும் வச்சுக்க முடியாது, உன்னைக் காப்பாத்தறதுக்காகச் சிலர்கிட்ட சொல்ல வேண்டியிருக்கும். அப்பவும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்.” இதைக் கேட்டுவிட்டு அவள் பேசாமல் போய்விடுவாளோ என்று பயப்படுவீர்கள். சிலர் போவார்கள், பிறகு வருவார்கள். பொய் வாக்கை நம்பிச் சொல்லிவிட்டு மறுநாள் போலீஸ் வந்து நின்றால் அவள் எந்தப் பெரியவரையும் பிறகு நம்ப மாட்டாள். அப்படி ஏதாவது சொல்லிவிட்டால் நீங்கள் துப்பறிய வேண்டாம், துருவித் துருவிக் கேட்க வேண்டாம். அவள் சொன்ன வார்த்தைகளிலேயே அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மீதியைக் கேட்க வேண்டியவர்கள் கேட்பார்கள்.

தற்கொலை பற்றிய சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள். “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது, அது தவறு. கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, ஒளித்து வைத்திருந்ததைச் சொல்ல வழி கிடைக்கிறது. ஆமாம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாளா, கையில் ஏதாவது வைத்திருக்கிறாளா, வீட்டில் பூச்சிமருந்து போன்றவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று அமைதியாகக் கேளுங்கள். அவளைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் ஒப்படைத்து மருத்துவமனைக்கு வழி செய்யுங்கள். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. நீங்களும் அழைத்து, இப்படி ஒரு பிள்ளை என் முன்னால் இருக்கிறாள், என்ன செய்வது என்று கேட்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு மார்க் போடுகிறவரும் நீங்கள்தான், கவுன்சலரும் நீங்கள்தான். இந்த இரட்டை வேலை நல்ல ஏற்பாடு அல்ல. முடிந்தால் உங்கள் வகுப்புப் பிள்ளைகளை வேறு ஓர் ஆசிரியையோ வெளியிலிருந்து வரும் ஆலோசகரோ பார்க்கும்படி தலைமையாசிரியையிடம் கேளுங்கள். முடியாவிட்டால், இங்கே பேசியது வகுப்பில் எந்த விதத்திலும் தெரியாதபடி நடந்துகொள்ளுங்கள், தனிச் சலுகையும் வேண்டாம். முக்கியமாக, ஸ்டாஃப் ரூமில் “அந்தப் பொண்ணு வீட்ல ஏதோ பிரச்சினை போலிருக்கு” என்ற ஒரு வரிகூட வரக் கூடாது. சின்ன ஊரில் அந்த ஒரு வரி சாயங்காலத்துக்குள் அவள் வீட்டு வாசலுக்குப் போய்விடும்.

கடைசியாகப் படிப்பு. நல்ல உதவியாளராக இருக்கப் பெரிய பட்டம் அவசியம் இல்லை என்பதற்கு ஜிம்பாப்வேயில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்த அந்த நாட்டின் தலைநகர் ஹராரேயில், டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்துச் சுகாதார நிலையங்களின் வெளியே மர பெஞ்சில் உட்காரவைத்தார். ஊர்க்காரர்கள் வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள், பாட்டிகள் கேட்டு, எந்தப் பிரச்சினையை முதலில் எடுக்கலாம் என்று அவர்களோடு சேர்ந்து யோசிப்பார்கள். பிறகு 24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வைத்து ஆய்வு நடத்தி 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். பெஞ்சில் பேசியவர்களுக்கு ஆறு மாதம் கழித்து மனச்சோர்வின் அறிகுறிகள் வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிட நன்றாகவே குறைந்திருந்தன. ஆனால் இதைக் கேட்டுவிட்டுப் பாசமும் வயதும் இருந்தால் போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் பாட்டிகளுக்கு முறையான பயிற்சி இருந்தது, அவர்கள் செய்வதைத் தொடர்ந்து கவனித்துத் திருத்த ஆட்கள் இருந்தார்கள், தங்களால் முடியாதவரை யாரிடம் அனுப்ப வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. உங்களுக்கு இல்லாதது இவைதான். ஆறு மாதம் புத்தகம் படித்துப் பரீட்சை எழுதினீர்கள், நீங்கள் பேசுவதை ஒருவர்கூட உட்கார்ந்து கேட்டு, இந்த இடத்தில் ஏன் அவசரப்பட்டீர்கள் என்று கேட்கவில்லை. நீச்சலைப் புத்தகத்தில் படித்த நிலையில் உங்களைக் கிணற்றில் இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

அதனால் எம்.எஸ்ஸி. சேர்வதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒரு நாள் நேரில் போங்கள், அங்கிருக்கும் மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ உங்கள் பொறுப்பைச் சொல்லுங்கள். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று எண் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பெயர் சொல்லாமல் மாதம் ஒரு முறை உங்கள் பேச்சுகளை அவர்களிடம் சொல்லித் திருத்திக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். வீட்டில், நம்பகமான ஒரு தோழியோடு மாறி மாறிப் பேசுபவராகவும் கேட்பவராகவும் இருந்து பழகலாம், அவர் அனுமதியோடு போனில் பதிவு செய்து பிறகு கேட்டால், எத்தனை முறை குறுக்கே பாய்ந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

அதன் பிறகும் ஆசை இருந்தால் சேருங்கள், நிச்சயம் பயன்படும். எம்.எஸ்ஸி. முடித்த மட்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், அதற்குத் தனிப் படிப்பும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவும் வேண்டும். சேரும் இடத்தில் சிலபஸ் கேட்பதற்கு முன், நேரில் ஆட்களைச் சந்தித்துப் பேசும் பயிற்சி எத்தனை மணி நேரம், அதை யார் பார்த்துத் திருத்துவார்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் ஃபீஸ் கட்ட வேண்டாம்.